வட்டம் நிற்கட்டும்

"இந்த இடத்துலேருந்து," என்று பெரியவர் மடிக்கணினித் திரையில் விரலை ஊன்றினார். விரலுக்கு அடியில் மகனின் நெற்றி இருந்தது. "இதுக்கு முன்னாடி இருக்கறது எதுவும் வேண்டாம். வெட்டிடு."

"வெட்ட மாட்டேன், சார்," என்றாள் அந்தப் பெண்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ரயில் நிலைய அதிகாரியாக இருந்த காலம் முழுவதும் அவரிடம் மாட்டேன் என்று சொன்னவர்கள் குறைவு.

"அவரு பேசி வச்சது. அதுல நான் கை வைக்கக் கூடாது," என்றாள். குரலில் எதிர்ப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. "வேணும்னா தாவ வச்சித் தரேன். திறந்ததும் நீங்க சொல்ற இடத்துக்குப் போய் அங்கிருந்து ஓடும். முன்னாடி இருக்கறது இருக்கும், ஆனா தெரியாது."

"தெரியாம இருந்தா போதும்."

அடுத்த அறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மகனின் உடல் இருந்த பெட்டி அங்கேதான் இருந்தது. மண்டபத்துக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்து, பூ எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, கொதிநீர் பட்டு வெந்த தழும்பு பளபளப்பாக இருந்தது. பெரியவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மகன் எழுதியது ஒரு லைப்ரரி. புத்தகம் அடுக்குவது அல்ல. மற்ற நிரலாளர்கள் எடுத்துத் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்வது. பாட்டையும் படத்தையும் ஓட்டுவது, நிறுத்துவது, முன்னும் பின்னும் தாவ வைப்பது, சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, இவைதான் அதன் வேலை. இதைப் பெரியவரின் அக்காவுக்கு ஒரு முறை விளக்கப் போய், "லைப்ரரி எழுதறானா? லைப்ரரியில உக்காந்து எழுதறான்னு சொல்லு, நாங்க நம்பிக்கறோம்," என்று அவள் சபையில் சிரித்ததிலிருந்து, "சாஃப்ட்வேர்" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

அந்த லைப்ரரியை மகனோடு சேர்ந்து எழுதியவள் இவள். இருவரும் கல்யாணம் இல்லாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள். உறவில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் பெரியவர். நாலு பேர் நடுவில் தலை குனிந்து பழக்கமில்லாத குடும்பம் அது. அவர் காலத்தில் அது குனியக் கூடாது.

மகன் படுக்கையில் விழுந்த பிறகு ஒரே ஒரு முறை அந்த வீட்டுக்குப் போனார். மாடிப்படி ஏறி மணியை அழுத்தினார். ஈரத் துணியோடு இவள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலின் கால்பக்கமும், போர்வைக்கு வெளியே நீண்ட இரண்டு பாதங்களும் தெரிந்தன.

"வீடு மாறி வந்துட்டேன்," என்று சொல்லி, உரக்கவே சொல்லி, இறங்கி வந்துவிட்டார்.

"முடிஞ்சுது," என்றாள் அவள். "ஒண்ணு மட்டும் கவனமா இருக்கணும். ஃபைல் பெருசு, இந்த மெஷின் பழசு. திறந்ததும் நடுவுல ஒரு வட்டம் சுத்தும். அது நிக்கிற வரைக்கும் ஓட்டுற பட்டனைத் தொடாதீங்க. படம் தயாராகறதுக்குள்ள அழுத்தினா, தாவச் சொன்னதை மறந்துட்டு முதல்லேருந்து ஓட ஆரம்பிச்சிடும்."

"அப்படி மறக்கிற மாதிரியா எழுதி வச்சிருக்கான்?"

"அதைச் சரி பண்ணணும்னு சொல்லிட்டேதான் இருந்தாரு." அவள் திரையைப் பார்த்தபடி சொன்னாள். "அதுக்குள்ள உக்கார முடியாம போச்சு. நானே முன்னாடி இருந்து அழுத்தறேனே, சார்."

"வேண்டாம். இது குடும்பத்துக் காரியம். நீ பின்னாடி ஆபீஸ்காரங்களோட உக்காரு. யாராவது கேட்டா, கூட வேலை பார்த்தவன்னு சொல்லு."

"கூட வேலை பார்த்தவதான்," என்றாள் அவள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அக்கா, கைத்தடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பெரியவரின் நாற்காலி. தோளில் கிடந்த சால்வையை மடித்து அதில் இடம் போட்டு வைத்திருந்தார். பெரிய மகளின் மாமனார் அதற்கு அப்பால். பெட்டிக்குப் பின்னால் வெள்ளைத் திரை. கடைசி வரிசையில், கதவை ஒட்டி, அவள்.

பெரியவர் மேசைக்கு வந்து நின்றார். குரல் நடுங்கவில்லை. "என் மகன் கஷ்டப்பட்டான். ஆனா தனியா கஷ்டப்படல. கடைசி வரைக்கும் நான் பக்கத்துல இருந்தேன். என்னால ஆனதைச் செஞ்சேன். அதை அவன் வாயாலேயே கேளுங்க."

அது அவர் புனைந்தது அல்ல. காலையில் மகனே அப்படிச் சொல்லிக் கேட்டிருந்தார். கேட்டபோது நெஞ்சில் ஏதோ இறங்கியது, அதோடு உறவுக்காரர்கள் வாயை மூட ஒரு வழியும் தெரிந்தது. செத்தவன் சொன்னதை எவன் மறுப்பான்?

மடிக்கணினியில் கோப்பைத் திறந்தார். பின்னால் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

சுற்றியது. ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமனார் கையைத் திருப்பி மணி பார்த்தார். "என்ன, மக்கர் பண்ணுதா?" என்று ஒரு குரல். "அவன் செஞ்சதுதானாம்," என்று இன்னொரு குரல், அதைத் தொடர்ந்து அடக்கிய ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை. பட்டனை அழுத்தினார்.

மகனின் முகம் திரை முழுக்க வந்தது. காலையில் சின்னத் திரையில் பார்த்தது வேறு. இங்கே கன்னத்தின் குழி ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. கழுத்து எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. உதட்டோரம் கஞ்சி வழிந்திருந்தது.

"ஓடுதா?" என்றது குரல், மண்டபமெங்கும். "சரி. அப்பாவைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, இவளைப் பத்தி..."

ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. துணியால் உதட்டோரத்தைத் துடைத்தது.

"இருடி, ரெக்கார்ட் ஆகுது," என்று மகன் சிரித்தான்.

பெரியவர் கையில் அகப்பட்டதை அழுத்தினார். படம் நின்றது.

நின்ற இடம்தான் மோசம். பாதிச் சிரிப்பில் திறந்த வாய், மூடியும் மூடாத கண்கள், தாடையை ஏந்திய அந்தக் கை. ஆள்காட்டி விரலின் தழும்பு, திரையில் ஒரு தட்டளவு இருந்தது.

"ஏன்டா," என்றாள் அக்கா. அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. "இது யார் கை?"

அவர் திரும்பவில்லை.

"நீதான் பக்கத்துல இருந்தேன்னியே. உன் கை இல்லையேடா இது. வளையல் போட்டிருக்கு."

மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அது அவருக்குத் தெரியும். தாண்டிப் போவது எப்படி என்று தெரியாது. தெரிந்த ஒருத்தி கடைசி வரிசையில் இருந்தாள். கூப்பிட வாயெடுத்தார். எப்படிக் கூப்பிடுவது? பெயர் தெரியும், ஒரு நாளும் சொன்னதில்லை. உறவு சொல்லிக் கூப்பிட அவரே இடம் வைக்கவில்லை.

"ஏம்மா," என்றார்.

பத்துப் பதினைந்து பெண்கள் நிமிர்ந்தார்கள். அவள் நிமிரவில்லை.

மேசையை விட்டு விலகி நடந்தார். வரிசைகளுக்கு நடுவே அவர் போகப் போக முகங்கள் திரும்பின. முதுகு வளையாமல்தான் நடந்தார். அவள் முன்னால் போய் நின்றார்.

"அது நின்னு போச்சு," என்றார்.

"நீங்க நிறுத்தினீங்க, சார்."

"வந்து பாரேன்."

அவள் எழுந்து அவருக்குப் பின்னால் வந்தாள். மேசையருகே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "தாண்டிடவா?" என்றாள். அவர் தலையை அசைத்தார். அவள் கை விசைப்பலகை மேல் வந்தது. திரையில் அதே கை. முதல் வரிசையில் அக்காவின் பார்வை மேலும் கீழும் போய் வந்ததை அவர் பார்த்தார். அக்கா எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது அவருக்குப் புதிது.

படம் தாவியது. மகன் இப்போது முகம் துடைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"எங்க அப்பா," என்றான். மூச்சு வாங்கியது. "எங்க அப்பா தினமும் வந்தாரு. மாடி ஏறறது அவருக்குக் கஷ்டம், இருந்தாலும் வந்தாரு. பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டினாரு. வாயைத் துடைச்சு விட்டாரு. என்னைத் தேடி வர்றவரு வீடு மாறிப் போகமாட்டாரு..."

காலையில் இந்த வரி காதில் விழுந்தும் விழாமல் போயிருந்தது.

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துத் தலை குனிந்து நின்றாள். அழவில்லை. தழும்பு விரல் மட்டும் விளிம்பில் மெல்ல உரசிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் எவரும் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். அவர் பார்த்ததும் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். மரியாதைக்காகத்தான். அவருடைய மரியாதைக்காக.

"அப்பா மாதிரி..." என்று தொடங்கியது குரல்.

"நிறுத்தும்மா."

அவள் நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல்லேருந்து போடு."

"சார், முதல்ல..."

"தெரியும். பார்த்தேன். முதல்லேருந்து போடு. தாவ வேண்டாம்."

அவள் தாவச் சொல்லி வைத்திருந்ததை எடுத்துவிட்டு, கோப்பை மூடித் திறந்தாள். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. பெரியவர் முதல் வரிசைக்குப் போனார். தன் நாற்காலியில் மடித்து வைத்திருந்த சால்வையை எடுத்துக்கொண்டார். நாற்காலியைத் தூக்க முடியவில்லை, இழுத்தார். தரையில் அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. மேசைக்குப் பக்கத்தில், அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் போட்டார்.

அவள் அதைப் பார்த்தாள். உட்காரவில்லை. நகர்த்தவும் இல்லை.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமனார் மீண்டும் மணி பார்த்தார். குழந்தை சிணுங்கியது. பட்டன் பெரியவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் நின்றார்.