இடது கட்டைவிரல்

அன்று மதியம் என் சகலை மூன்றாவது முறையாக அடியைத் தடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. தடுக்கிறார், தட்டிவிட மாட்டேன் என்கிறார்.

ஆறு வருடமாக ஞாயிறுதோறும் அவர் வீட்டு ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து இந்தச் சண்டை விளையாட்டை ஆடுகிறோம். அக்காளை அவரும் தங்கையை நானும் கட்டியவர்கள். ஒரே இரும்பு யார்டில் வேலை. அவர் கிரேன் ஓட்டுபவர், நான் கீழே நின்று குழாய்க் கட்டுகளுக்குக் கொக்கி மாட்டுபவன். கிரேன் லைசென்ஸ் எடுத்து நாலு வருடமாகியும் ஏற எனக்கு இடமில்லை. வீடானாலும் யார்டானாலும் அவர்தான் மேலே.

விளையாட்டில் பின்பக்கப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும், திரையில் இருப்பவன் கையைக் குறுக்கே வைத்து அடியைத் தடுத்துவிடுவான். திரையின் மேலே ஓடும் உயிர்க்கோட்டில் துளி குறையும், அவ்வளவுதான். துணிந்தவர்கள் வேறு மாதிரி ஆடுவார்கள். அடி மேலே படுகிற அந்தக் கணத்தில் முன்பக்கப் பட்டனில் ஒரு தட்டு, அதுதான் தட்டிவிடுவது. சரியாக விழுந்தால் அடித்தவன் நிலைகுலைந்து நிற்பான். ஒரு இமைப்பு பிசகினால் முழு அடியும் முகத்தில். சகலை துணிந்தவர். நான் கையை ஓங்குவதற்காகவே காத்திருப்பார். "ஓங்கு, ஓங்கு, எனக்கு வேலை மிச்சம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், என் மனைவி உட்பட.

அன்று அவர் பின்பக்கப் பட்டனை விடவே இல்லை. சோதித்துப் பார்க்க, குழந்தைகூடத் தட்டிவிடக்கூடிய மெதுவான குத்து ஒன்றை விட்டேன். தடுத்தார். அவருடைய இடது கட்டைவிரலைக் கவனித்தேன். பட்டன்மேல் படுத்துக் கிடந்தது. முன்னால் நகரப் பார்த்தது, நகர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

தடுத்துக்கொண்டே இருப்பவனை அடிக்கத் தேவையில்லை. பிடித்துத் தூக்கி எறியலாம். தப்ப வேண்டுமானால் கை நீளும்போதே துள்ள வேண்டும். துள்ளுவதற்கும் அதே கட்டைவிரல்தான் வேண்டும். பிடித்தேன், எறிந்தேன். எழுந்தார், மறுபடி பிடித்தேன். அவருடைய மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "என்னப்பா, தூங்கறியா?" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார், "அடிச்சு ஜெயிடா."

"பிடிக்கறதும் ஆட்டத்துல உள்ளதுதானே, அண்ணே."

ஏழு ஆட்டம். ஒன்றைக்கூட விடவில்லை. போதும் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியும் நிறுத்தாதது இன்னும் ருசியாக இருந்தது.

தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அவர் மனைவி கதவை லேசாகச் சாத்திவிட்டு வந்தாள்.

"தம்பி, அவருக்கு ரெண்டு மாசமா இடது கை மரத்துப் போகுது. நரம்பாம். யார்டுல தெரிஞ்சா ஏற விடமாட்டாங்க. உங்க காதுல மட்டும் போட்டு வைக்கறேன்."

"நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் அறையில் சொன்னேன். கட்டு நழுவினால் கீழே நானும் இன்னும் நாலு பேரும் நிற்கிறோம். அது உண்மை. அந்த உண்மையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, மேசையில் ஒரு பேனாவை வைத்து, இடது கையால் எடுக்கச் சொன்னார். எடுத்தார். வைத்துவிட்டு மறுபடி எடுங்க, சீக்கிரமாக, என்றார் மேனேஜர். பேனா உருண்டு என் காலடியில் விழுந்தது. நான் குனியவில்லை. யார் சொன்னது என்று சகலை கேட்கவும் இல்லை.

"நாளைலேருந்து நீ ஏறு" என்றார் மேனேஜர் என்னிடம். "அவர் கொக்கி மாட்டட்டும். இந்த வயசுல வேற எங்க போவார்."

வீட்டில் சொன்னேன். "அக்கா உங்களை நம்பிச் சொன்னா" என்றாள் என் மனைவி.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் கட்டுக்கு அவர்தான் கொக்கி மாட்டினார், வலது கையால் மட்டும், கட்டு ஆடாமல் இழுத்துப் பிடிக்கிற கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு. தூக்கச் சொல்லிக் கைகாட்டினார். தூக்கினேன். கட்டு தலைக்கு மேலே போவதற்குள் கொக்கி மாட்டியவன் விலகிவிட வேண்டும். அவர் விலகவில்லை. ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளி, குழாய்களின் நிழலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். ஹாரனை அடித்தேன். யார்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். மறுபடி அடித்தேன். கட்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. லீவரை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். ஞாயிறுகளில் நான் கையை ஓங்கக் காத்திருப்பதுபோல, அவர் கண்ணைச் சுருக்கி, கேபின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.