தூக்கிவிட்டவனுக்கு அடி

மிளகாய் இதுவரை கைநீட்டி அடித்தவர்களில் பாதிப் பேர் அவனைத் தூக்கிவிட வந்தவர்கள். மீதிப் பேர் வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டவர்கள், அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

இரும்புப் பட்டறையில் அவனுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தது யாரென்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வைத்தவனுக்கு மூக்கு மிஞ்சாது. ஆள் நல்ல உழைப்பாளி, கையில் இருப்பதைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிடுகிறவன். கோபம் மட்டும் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். அதோடு விட்டிருந்தால் ஊரில் இன்னும் நாலு முரடர்களைப் போல அவனும் காலத்தை ஓட்டியிருப்பான். இருமல் வந்து கெடுத்தது.

நம்மைப் போல ரெண்டு இருமு இருமித் துப்பிவிட்டுப் போகிற இருமல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து கிளம்பும். முகத்தைச் செக்கச்செவேல் ஆக்கும், கழுத்து நரம்பைப் புடைக்க வைக்கும், மூச்சு இழுக்க இடமே கொடுக்காமல் ஆளைப் போட்டு உலுக்கும். உச்சத்துக்குப் போனதும் சத்தம் சட்டென்று நிற்கும். கண் மேலே செருகும், கால் மடங்கும், நின்ற இடத்திலேயே மூட்டை மாதிரி சரிவான். கொஞ்ச நேரம்தான். தானாகவே கண்ணைத் திறந்துவிடுவான்.

வம்பு அந்தக் கண் திறப்பில்தான் இருந்தது. அவனைப் பொறுத்தவரை நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. இப்போதுதான் நின்றுகொண்டிருந்தான், இப்போது தரையில் கிடக்கிறான், எவனோ ஒருத்தன் முகத்துக்கு நேராகக் குனிந்து சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இதற்கு என்ன அர்த்தம்? அடித்துச் சாய்த்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? யோசனை வருவதற்குள் கை போய்விடும். முகத்தில் தண்ணீர் தெளிக்கக் குனிந்த டீக்கடைக்காரருக்கு முன்பல் போயிற்று. பஸ் நிறுத்தத்தில் தலையைத் தாங்கிப் பிடித்த, மூக்குக்கண்ணாடி போட்டவருக்குக் கன்னத்தில் தையல். "பாவம் பாத்ததுக்கு இதுவா?" என்று அந்த மனிதர் அழுததை மிளகாய் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். நடித்துத் தப்பிக்கப் பார்க்கிறானாம்.

அவன் மனைவி அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"இருமுற வேகத்துல தலைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் நின்னுடுது," என்றார் டாக்டர். "அதான் மயக்கம். சிகரெட்ட விடுங்க. மருந்து தர்றேன், ஒழுங்கா சாப்பிடுங்க. சரியாகுற வரைக்கும் மெஷின் பக்கமே போகாதீங்க."

"மயக்கமா? எனக்கா?" மிளகாய் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "இவ பேச்சக் கேட்டுட்டு எழுதுறீங்க டாக்டர். நானா விழுந்ததே கெடையாது. எவனாவது விழவச்சாத்தான் உண்டு."

டாக்டர் விவரமானவர். மேசைக்கு அந்தப் பக்கமே இருந்துகொண்டு மருந்துச்சீட்டை நீட்டினார். அது சட்டைப்பையிலேயே துவைபட்டுப் போயிற்று.

மெஷின் பக்கம் போகாமல் எங்கே போவது? அவன் பிழைப்பே மெஷின்தான். பட்டறையில் மின்சாரத்தில் ஓடும் பெரிய சம்மட்டி ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலிருந்து இறங்கி, கீழே இருக்கும் அடைகல்லில் வைத்த இரும்பை நசுக்கும். காலால் மிதித்தால் இறங்கும், மிதித்துக்கொண்டே இருந்தால் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். மிதிப்பது மிளகாய். பழுக்கக் காய்ச்சிய கம்பியை நீள இடுக்கியால் பிடித்து, அடிக்கு அடி திருப்பிக் கொடுப்பது அவன் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. கடப்பாரை நுனி தட்டுவதில் இந்த ஜோடிக்கு இணை கிடையாது. பேச்சே இருக்காது. இரும்பின் நிறத்தைப் பார்த்து ரெண்டு பேரும் வேலை செய்வார்கள். ஆரஞ்சு நிறமாக இருக்கும்போது அடிக்கவேண்டும், கருஞ்சிவப்புக்கு இறங்கினால் நிறுத்தவேண்டும், கறுத்துவிட்டால் திரும்ப உலைக்குத்தான். கடிகாரத்தைக்கூட நம்பாத மிளகாய் இரும்பின் நிறத்தை நம்புவான்.

ஒருநாள் காலை அடுப்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு இருமல் பிடித்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சரிந்த தலை நேரே நெருப்புக்குப் போவதைப் பார்த்த மனைவி பாய்ந்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் ரெண்டு பேரும் விழுந்தார்கள். அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். தூக்கிவிட்டவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நம்மை அடிக்கமாட்டார் என்று ஒரு அசட்டு நம்பிக்கை, கட்டினவளுக்கு அது இருக்கத்தானே செய்யும்.

முதல் அடி உதட்டில் விழுந்தது. "நான்தாங்க! நான்தாங்க!" என்று அவள் கத்தியபோது இரண்டாவது கண்ணுக்குக் கீழே விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கிய கையோடுதான் அவனுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. ரத்தம் அவள் தாடையில் வழிந்து அவன் நெற்றியிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ எதுக்குடி என்னத் தள்ளுன?" என்றான்.

அன்று மத்தியானம் அக்காளைப் பார்க்கப் போன மச்சினன் பட்டறைக்குத் திரும்பி வந்தான். நேரே வந்து மிளகாயின் தாடையில் ஒன்று வைத்தான். ரெண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். உலைச் சாம்பல் பறந்தது, தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்தது. மிளகாய் அவன் காதைக் கடித்தான், அவன் மிளகாயின் தலையைப் பிடித்துத் தரையில் மோதினான். விலக்கப்போன உலைக்காரருக்கு வயிற்றில் ஒரு உதை கிடைத்தது. மிளகாய் எழுந்து மச்சினனின் கழுத்தைப் பிடித்தான். பிடித்த கையோடு இருமல் வந்தது. குத்துவதற்கு ஓங்கிய கையோடு மச்சினன் அப்படியே நின்றான். மிளகாய் இருமி இருமி, சத்தம் அடங்கி, அவன் காலடியில் சரிந்தான். யாரும் கிட்டே போகவில்லை. பட்டறைக்கு அந்தப் பாடம் ஏற்கனவே தெரியும்.

கண் விழித்த மிளகாய் தாடையைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, மரியாதை இருந்தது.

"பரவாயில்லடா மாப்ள. என்னச் சாய்ச்ச மொத ஆளு நீதான்."

"நான் அடிக்கல மாமா. ஓங்குன கை ஓங்குனபடியே நிக்குது. நீங்களாத்தான் விழுந்தீங்க."

"சும்மா சொல்லாத."

"அவன் தொடவே இல்லப்பா," என்றார் உலைக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "சத்தியமாச் சொல்றேன், நீயா போய்ட்ட."

மிளகாய் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒரு பட்டறையே சேர்ந்து தன்னை நோயாளி ஆக்கப் பார்க்கிறது என்று அவனுக்குப் பட்டது. இவனை என்ன சொல்லித் திருத்துவது? வாயிருக்கிறவர்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று.

அன்று சாயங்காலம் மனைவி, வீங்கிய உதட்டோடு, கை எட்டாத தூரத்தில் நின்று பேசினாள்.

"என்ன அடிச்சத விடுங்க. என் தம்பி கை உங்க காலுக்குக் கீழ இருக்கு. மிதிச்சுக்கிட்டு இருக்கும்போது இது வந்தா? அந்த வேலைய விட்டுடுங்க. மூட்ட தூக்குங்க, எதாவது செய்ங்க."

"அவன் கை எனக்குத் தெரியாதா? என் கை மாதிரிதான் அது."

"உங்க கை செஞ்சதத்தான் என் மூஞ்சியில பாக்குறீங்களே."

மடக்கப்பட்ட எல்லா ஆண்களும் செய்வதைப் போல, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் தம்பியிடமும் கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. "வேற எவனாவது வந்து இடுக்கியப் பிடிச்சா அவனுக்கு ஒண்ணும் தெரியாது, கை போயிடும். எனக்குத் தெரியும்க்கா. மாமா தொண்டையக் கனைச்சாலே நான் கம்பிய வெளிய இழுத்துடுவேன்" என்றான். அப்படித்தான் செய்தான். மிளகாய் கொஞ்சம் கனைத்தாலும் சிவந்த கம்பி அடைகல்லை விட்டு வெளியே வந்துவிடும். இருமல் அடங்குவதற்குள் இரும்பு கறுக்கும், திரும்ப உலைக்குப் போகும். வேலை இழுத்தது. பக்கத்து மெஷின்காரர்கள், "என்னப்பா, மச்சினன் உன் தொண்டையப் பாத்துத்தான் வேல செய்யிறானா?" என்று சிரித்தார்கள்.

மிளகாய்க்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தான். அவனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத காரியம். இருமல் கிளம்பும்போது வெளியே தெரியாமல் அடக்கினான். தோளில் கிடந்த துண்டின் முனையை வாயில் திணித்து, பல்லால் கடித்து, வந்ததை உள்ளேயே விழுங்கினான். ஓரிரு முறை அது பலித்தது. கம்பி வெளியே போகவில்லை, ஒரே சூட்டில் நுனி முடிந்தது. தான் சொன்னதுதான் சரி என்று மார்தட்டிக்கொண்டான்.

அடுத்த கம்பி வந்தது. உலையிலிருந்து நேராக வந்த அசல் ஆரஞ்சு நிறம். மச்சினன் அதை அடைகல்லில் வைத்தான், மிளகாய் மிதித்தான். சம்மட்டி இறங்கியது, பொறி பறந்தது. நெஞ்சுக்குள் அது கிளம்பியது. துண்டைக் கடித்தான். கண்ணில் நீர் கோத்தது, காது அடைத்தது. வாயைத் திறக்கவில்லை. தலையை நிமிர்த்தினால் முகச் சிவப்பை மச்சினன் பார்த்துவிடுவான் என்று குனிந்துகொண்டான்.

தரையில் கிடந்தான். எவனோ முதுகுப்பக்கச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மிளகாய் புரண்டு, அந்த முகத்தில் குத்தினான். மூக்கெலும்பு முறிவது முட்டியில் தெரிந்தது. மறுபடி குத்தினான். அந்த முகம் விலகவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. "மாமா, மாமா" என்று மட்டும் சொன்னது. மூன்றாவது குத்துக்குக் கையை ஓங்கினான்.

ஓங்கிய இடத்திலிருந்து கம்பி கண்ணில் பட்டது. இடுக்கியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. நுனி கறுத்துவிட்டது. மேலே கொஞ்சம்தான் கருஞ்சிவப்பு மிச்சம்.

இப்போதுதானே ஆரஞ்சாக இருந்தது?

டாக்டர் பொய் சொல்லலாம். மனைவி சொல்லலாம், பட்டறை மொத்தமும் கூடிச் சொல்லலாம். ஆரஞ்சு நிறக் கம்பி கறுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவ்வளவு நேரம் அவன் இந்த உலகத்தில் இல்லை. கை தானாகக் கீழே இறங்கியது. அப்புறம்தான் மச்சினனின் இடது கையைப் பார்த்தான். அதைக் கை என்று சொல்ல முடியாது. மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிய சதையும் வெள்ளை எலும்பும் தொங்கின, ரத்தம் அடைகல்லிலிருந்து தரைவரைக்கும் கோடு போட்டிருந்தது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்த உலைக்காரர் மிளகாயின் தலைமயிரைப் பிடித்து உலுக்கினார்.

"பாவி! அவன் இடுக்கியப் போட்டுட்டு ஓடியிருக்கலாம்டா! நீ மிதிச்ச காலோட முன்னால சாஞ்ச. தல சம்மட்டிக்கு அடியில போச்சு. உன்ன இழுக்கத்தான் வந்தான். ஊணுறதுக்குக் கைய எங்க வச்சான்னு அவனே பாக்கல. கை போன பிறகும் உன்ன விடாம இழுத்தான். அவன அடிக்கிறியே!"

மிளகாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மச்சினனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவன் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்தான். அதே துண்டு என்று தெரிந்ததும் வெளியே வீசினான்.

கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கட்டுப்போட்டு வார்டில் படுக்கவைத்த பிறகு மனைவி வந்து சேர்ந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மிளகாய் எழுந்து நின்றான். எழும்போதே அழுகை வந்துவிட்டது.

"நானாத்தான் விழுந்தேன்," என்றான். "யாரும் தள்ளல. எப்பவுமே யாரும் தள்ளல."

அவள் கை எட்டும் தூரத்துக்கு வந்து நின்றாள்.

"இத நான் சொன்னேன். டாக்டர் சொன்னாரு. அவனும் சொன்னான். எங்க யார் பேச்சும் உங்க காதுல ஏறல. இரும்பு சொல்லணும், அப்படித்தானே?"

அடித்தாள். உள்ளங்கையால் இல்லை, மூடிய கையால், அவன் அடிப்பதைப் போலவே மூக்கின் மேல். அவன் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றான். அவள் மறுபடி அடித்தாள். உதட்டிலும் கண்ணுக்குக் கீழேயும் அடித்தாள். அவன் கை தொங்கியபடியே கிடந்தது. இன்னும் அடிக்கமாட்டாளா என்று இருந்தது அவனுக்கு. அவள் கையை உதறிக்கொண்டு, தம்பி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூக்கு ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. நெஞ்சில் அது கிளம்பிவிட்டது. முதல் இருமலைக் கேட்டதுமே மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த நர்ஸ் அவனை நோக்கி ஓடிவந்தாள்.

"வராதம்மா!" என்று கத்தினான். "தூக்காத! அடிச்சிடுவேன்!"

நர்ஸ் மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மிளகாய் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து இருமினான். வராந்தா முழுவதும் அதிர்ந்தது. அந்த இருமலை நன்றாகத் தெரிந்தவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். கதவு திறக்கவில்லை.