உமிச் சுவர்

எங்கள் சைட்டில் நெருப்புக்கு இடமே கிடையாது. பீடி, தீப்பெட்டி, வெல்டிங், டீ அடுப்பு எதுவும் கேட்டைத் தாண்டி வரக் கூடாது என்று வாசலில் போர்டு வைத்து, வருகிறவர்களின் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவேன். கொத்தனார் ரத்தினவேல் ஒருமுறை காதில் பீடியைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் அரியமங்கலமே திரும்பிப் பார்த்திருக்கும். இன்ஜினியர் கலைமதி வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசட்டும்.

காரணம் நாங்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கட்டடம். இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் வயர்லெஸ் செய்திகளை ஒட்டுக்கேட்டு, அவற்றின் ரகசியக் குறியீட்டை உடைத்த இடம். பக்கத்தில் ரயில் சத்தம் ஓயாது. ஹெட்போனில் வரும் மெல்லிய ஒலி காதில் விழ வேண்டுமே என்று, செங்கல் சுவருக்கு உள்பக்கம் பலகைச் சுவர் ஒன்று எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் நெல் உமியை அடைத்திருந்தார்கள். நான் லால்குடிக்காரி. உமியில் விழுந்த நெருப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொழுந்து விடாது, புகையைக்கூடச் சரியாகக் காட்டாது, உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டு போகும். அதனால்தான் அவ்வளவு கெடுபிடி.

அந்தப் பலகைகளில்தான் எல்லாமே இருந்தது. பென்சிலில் வரிசை வரிசையாக எண்கள், அடித்தும் திருத்தியும் மறுபடி அடித்தும். ஒரு மூலையில் எழுத்துகள் கூடி வார்த்தைகளாகியிருந்தன. விடை கிடைத்த சந்தோஷத்தில் யாரோ அதன் கீழே முனை உடையும்படி அழுத்திக் கோடு போட்டிருந்தார். மற்ற அறைகளெல்லாம் குடோனாகிப் பாழாய்ப் போனவை. இந்த ஓர் அறைக்காக ஆர்க்கிடெக்ட் பூவரசன் வருஷக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறார்.

"இது போச்சுன்னா நாம காப்பாத்துனது வெறும் செங்கல்தாங்க, கலைமதி" என்பார்.

வேலை முடிந்ததும் வெள்ளிக்கிழமை பூஜை போட்டோம். பூவரசன் ஸ்ரீரங்கத்திலிருந்து மாலையும் பூஜைச் சாமானும் வாங்கி வந்தார். வாசல் போர்டுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஜன்னல் காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து போனது. சகுனம் சரியில்லையே என்று ரத்தினவேலின் முகம் வாடிவிட்டது. பூவரசன் தட்டைக் கொண்டுபோய்ப் பலகைச் சுவரிலிருந்த மாடத்துக்குள் வைத்து ஏற்றினார். வயர்லெஸ் கம்பி வெளியே போவதற்காக அந்தக் காலத்தில் பின்பக்கம் துளையிட்ட சின்ன மாடம் அது. சுடர் அசையாமல் நின்று எரிந்தது. எல்லோருக்கும் நிம்மதி. வரிசையாகப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்ததும் கருகிய வாடை அடித்தது. பலகையில் கையை வைத்தேன். தோசைக்கல்லாய்ச் சுட்டது. உடனே தீயணைப்புக்குப் போன் போட்டேன். வண்டி வந்து, தண்ணீர் பாய்ச்ச ஒரு பலகையைப் பெயர்த்தார்கள். உள்ளே உமி செக்கச்செவேல் என்று கிடந்தது. காற்றுப் பட்டதுதான் தாமதம், சுவர் மொத்தமும் குப்பென்று பற்றிக்கொண்டது. பதறிக்கொண்டு வந்த பூவரசன் நேராக உள்ளே ஓடப் பார்த்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அணைத்து முடித்தபோது ஈரச் சாம்பலும் செங்கல்லும்தான் மிச்சம். ஓர் எழுத்துக்கூட இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன், நம்ப முடியவில்லை.

உள்ளே நெருப்பு கொண்டுவந்தது யார் என்று தீயணைப்பு அதிகாரி ஹபீபுல்லா கேட்டார். யாரும் கொண்டுவரவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினோம். பூவரசன் மட்டும் ரத்தினவேலையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சட்டைப் பையையும் மடியையும் உதறிக் காட்டினார்.

ஹபீபுல்லா கருகிய சுவரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்து, மாடம் இருந்த இடத்தில் நின்றார். உமி முதலில் கனிந்தது இங்கேதான் என்றார். கீழே சாம்பலில் பித்தளைத் தட்டு ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது.

"இங்க என்னங்க வெச்சிருந்தீங்க?"

"சாமி கும்பிட்டோம் சார்" என்றார் பூவரசன், சட்டென்று.

தட்டைப் பார்த்தார். அதன் பின்னால் கம்பித் துளை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ரத்தினவேலைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"கற்பூரம்..." என்றார்.

பீடியைத் தேடிக் காது வரைக்கும் பார்த்தவள், பூஜைப் பையை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி, நானே உள்ளே எடுத்துப் போயிருக்கிறேன்.