லொரைனின் வரிசையில் ஒரு கோடு

1

நான்கு பேர் எழுதிக்கொடுத்த கருத்து, அறிக்கையில் வெறும் கோடாக வருவது எப்படி?

சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் லொரைன் என்னிடம் கேட்ட கேள்வி இது. பதில் தெரியாததால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். (தெரிந்திருந்தால் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.)

பூன் லேயில் ஒரு பெரிய சரக்கு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் லொரைனுக்கு இருபத்திரண்டு வருட வேலை. பிரிவுத் தலைவர் ஹனீபா ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ராஜீவ். சேர்ந்து நான்கே வருடம். ஹனீபாவோடு வாராவாரம் பூப்பந்து ஆடுகிறவர். இந்த நியமனத்தைப் பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நிறுவனம் பெயரில்லாப் படிவத்தில் கேட்டது. வந்த அறிக்கையில் லொரைன் பிரிவுக்கு நேரே வெறும் கோடு. வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்று. அதைப் பார்த்துத்தான் மேலிடம் நியமனத்தை உறுதிசெய்யும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ராஜீவ் சிரிக்கும்போது அந்தச் சிரிப்பு மேலதிகாரி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று...’

வாசித்துக் காட்டியபோது லொரைனே நிறுத்திவிட்டார்.

“அவன் நல்லா வேலை செய்வான் லா. அதச் சொல்லாம விட்டுடாதீங்க.”

“அப்ப என்னதான் பிரச்சினை?”

“என்னை ஒரு இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடல சார். வேணாம்னே சொல்லியிருப்பேன். கேட்டிருக்கணும் இல்ல?”

3

விசாரித்ததில் விதி கிடைத்தது. விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவிலிருந்து ஐந்துக்குக் குறைவான பதில் வந்தால் அறிக்கை அதைக் காட்டாது. கொஞ்சம் பேர் என்றால் யார் எழுதியது என்று ஊகித்துவிடலாம் அல்லவா? எழுதியவரைக் காப்பாற்றத்தான் மறைக்கிறார்கள். அழகான ஏற்பாடு. காப்பாற்றிக் காப்பாற்றி லொரைனைக் காணாமலே ஆக்கிவிட்டது.

ஆக, ஐந்தாவது ஆள் வேண்டும். கதை என்னுடையது, ஆளுக்கா பஞ்சம்? துப்புரவு செய்யும் முத்தாயியைக் கொண்டுவந்து

(அடித்துவிட்டேன். அவர் ஒப்பந்த ஊழியர், படிவமே வராது.)

வேறு பிரிவு ஆள் ஒருவர் ‘ஆவணப் பிரிவு’ என்று குறித்தால்?

“பொய் எழுதறதுக்கா இவ்ளோ பாடு?” என்றார் லொரைன்.

4

ஹனீபாவை விட்டுவிட்டுப் பிரிவின் மேசைகளை எண்ணச் சொன்னேன். ஐந்து! ஐந்தாவது ராஜீவுடையது. ராஜீவை முதல் பகுதியிலேயே எதிர்ப்பக்கம் உட்காரவைத்தது நான்தான். (எழுதுகிறவனுக்கும் வேண்டியவர், வேண்டாதவர் உண்டு.) நியமனம் உறுதியாகும்வரை அவரும் அதே பிரிவு ஊழியர். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சப்பட்டுப் போன முறை அனுப்பவில்லை.

லொரைன் நேரே போய்க் கேட்டார்.

“தம்பி, உன்னைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லன்னு எழுதப்போறேன். நீயும் ஃபார்ம் அனுப்புனாத்தான் அது வெளிய வரும்.”

“அக்கா, எனக்கு எதிரா எழுத என்கிட்டயே ஆள் கேக்கிறீங்களா?”

“உன்னை விட்டா ஆள் இல்லப்பா.”

“ஹனீபா சாருக்குத் தெரிஞ்சா?”

“அதுக்குத்தானே பேர் போடாம கேக்கறாங்க.”

ராஜீவ் திரையில் படிவத்தைத் திறந்தார். “சரி, அனுப்புறேன். ஆனா என்ன எழுதுவேன்னு கேக்காதீங்க.”

5

அவர் தன்னைப் புகழ்ந்து எழுதியிருக்கலாம். லொரைன் சொன்னதையே எழுதியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் நடுக் கட்டத்தைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். எது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அவர் சொல்லவில்லை. அறிக்கையில் கோடு நீங்கி அந்த வரிசை திறக்க ராஜீவின் சம்மதம் தேவையில்லை, அவருடைய பதில் போதும். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து மேசையிலிருந்தும் படிவம் போனால், லொரைன் எழுதியது அப்படியே மேலிடத்தின் கண்ணில் படும்.