ஆறாவது ஆளுக்கு ஒரு வண்டி

என் தம்பிக்கு எதையும் வாங்குவதற்கு முன் அதோடு குடித்தனம் நடத்திப் பார்த்துவிட வேண்டும். நாடக அரங்கில் மேடை நிர்வாகி வேலை அவனுக்கு. அங்கே தச்சர்கள் செட்டைச் செய்து முடிப்பதற்குள் ஒத்திகைக் கூடத்துத் தரையில் கலர் கலராக டேப் ஒட்டி, இது சுவர், இது கதவு, இது சோபா என்று காட்டிவிடுவான். நடிகர்கள் அந்தக் கோடுகளுக்குள்ளேயே அழுது, சண்டை போட்டு, சமாதானமாகிப் பழகுவார்கள். வினை என்னவென்றால், அந்த டேப்பை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். பிரிட்ஜ் வாங்கும் முன் சமையலறையில் இல்லாத பிரிட்ஜை நாங்கள் ஒரு வாரம் சுற்றிக்கொண்டு போனோம். கட்டில் வாங்கும் முன் புருஷனும் பெண்டாட்டியும் டேப்புக்குள் போர்வை விரித்துப் படுத்தார்கள். சோபா விஷயத்தில் கோட்டை மிதித்ததற்காக என்னிடம் இரண்டு முறை கோபித்துக்கொண்டான்.

அவன் மனைவிக்கு மூன்றாவது உண்டாகி ஏழாம் மாதம் நடந்தபோது கார் பேச்சு வந்தது. இருக்கிற காரில் ஐந்து பேர் போகலாம். முன்னால் அவனும் அவளும், பின்னால் ஆறு வயதுப் பெரியவள், நாலு வயதுச் சின்னவன், நடுவில் நான். பிறக்கப் போகிற குழந்தைக்குத் தனி சீட் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஆக, வீட்டுக்கு ஓர் ஆள் வர, காரிலிருந்து ஓர் ஆள் இறங்கியாக வேண்டும். யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"அக்காவுக்காகவே பெரிய வண்டி எடுக்கப் போறோம். மூணு வரிசை," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பி சொல்லிக்கொண்டு திரிந்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "கொடுத்து வெச்சவங்க நீங்க," என்றார். அந்த வண்டியின் விலை எனக்குத் தெரியாது. ஆனால் அது முழுவதும் என் தலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தது.

நான் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குச் சின்னக் கூடம் ஒன்றில் உட்கார்ந்து பல் வரிசை அமைத்துக் கொடுப்பது என் தொழில். சில வாய்களில் வரிசையில் இடம் இல்லாமல் ஒரு பல் பின்னால் தனியாக முளைத்து நிற்கும். அது யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனாலும் எடுத்துவிடலாம் என்றுதான் டாக்டர் எழுதுவார். பெரியவள் பிறந்தபோது ஒத்தாசைக்கு ஒரு மாதம் என்று வந்தவள் நான். வந்து ஆறு வருஷமாகிறது. போ என்று யாரும் சொன்னதில்லை. இரு என்றும் யாரும் சொன்னதில்லை. ஒரு மாதம் முடிந்த அன்று பால் பொங்கிக்கொண்டிருந்தது, குழந்தை அழுதுகொண்டிருந்தது, அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் நேரமில்லை.

எங்கள் கூடத்தில் மெழுகு வேலை செய்யும் பெண்ணை மெழுகு என்றே கூப்பிடுவோம். அவள் வீட்டு மாடி காலியாகியிருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, நன்றாக வெளிச்சம் வரும் ஜன்னல். "சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்கக்கா. வேற ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து 'இரு' என்று சொன்னால் இருப்பேன், இல்லாவிட்டால் போய்விடுவேன். கேட்டு வாங்க மட்டும் மாட்டேன். கேட்டு வாங்கின மரியாதையும் அளவு சேராத கட்டுப்பல் மாதிரிதான், வாயில் நிற்காது. இது என் தொழிலில் தெரிந்தது.

இதற்கிடையில் தம்பி ஹாலில் வண்டியை ஒட்டிவிட்டான். சோபாவைச் சுவரோடு தள்ளி, நீளம் அகலம் எல்லாம் பார்த்து, பச்சை டேப்பில் வெளிக்கோடு, மஞ்சள் டேப்பில் கதவுகள். உள்ளே சாப்பாட்டு மேஜை நாற்காலிகள். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு. தினமும் சாயங்காலம் எல்லோரும் ஏறி உட்கார வேண்டும். தம்பி கையில் குழம்புச் சட்டியின் மூடி, அதுதான் ஸ்டீயரிங். பிள்ளைகள் நடு வரிசையில், அவர்களுக்கு நடுவே பிறக்கப் போகிற குழந்தைக்காக ஒரு தலையணை. நான் கடைசி வரிசையில், காய்கறிக் கூடையோடு.

"கதவு வழியா ஏறுக்கா. சுவத்து வழியா வராத," என்பான்.

"சுவரு எங்கடா இருக்கு?"

"பச்சை."

குறை சொல்லக் கூடாது, கடைசி வரிசை வசதியாகவே இருந்தது. காலை நீட்டிக்கொண்டு வெங்காயம்கூட உரித்தேன். சின்னவன் பாதி வழியில் ஒன்றுக்கு வருகிறது என்பான், தம்பி மூடியைத் திருப்பி ஓரமாக நிறுத்துவான். தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் கண்ணை மூடியிருப்பாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். சண்டை என்று ஒன்றும் கிடையாது, சண்டை போடும் அளவுக்கு நாங்கள் பழகவே இல்லை. அவள் கரண்டிகளைத் தலைகீழாக வைப்பாள், நான் நேராக்குவேன், அவள் மறுபடி கவிழ்ப்பாள். ஆறு வருஷமாக எங்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அதுதான். என்னை அண்ணி என்பாள், வாங்க போங்க என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் அதிகம் கிடையாது.

ஒரு வாரம் இப்படி ஓடாத வண்டியில் ஊர் சுற்றிவிட்டு, சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். சிரிப்பு மட்டும் காலையில் புதிதாக மாட்டியது போல இருந்தது. குழந்தை சீட்டைக் கட்டிக் காட்டச் சொல்லித் தம்பி பிடிவாதம் பிடித்தான். அவரும் நடு வரிசையில் கட்டினார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பின்னால் போக வேண்டுமென்றால் நடு வரிசையில் ஓரத்து சீட்டை மடக்கிச் சாய்க்க வேண்டும். அதற்கு அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இறக்க வேண்டும். சின்னவனை இறக்கினார்கள். அவன் அழுதான். அவன் அழுகிற சந்தில் நான் நுழைய வேண்டியிருந்தது.

"மேடம், முதல்ல தலை. இல்ல இல்ல, முதல்ல கால்," என்றார் விற்பனையாளர்.

இரண்டையும் ஒன்றாக விட்டேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் என் முட்டி இரண்டும் முகவாய்க்கட்டைக்கு வந்துவிட்டன. தம்பி நீளம் பார்த்தான், அகலம் பார்த்தான். தரையில் ஒட்டுகிற டேப்புக்குக் கூரை கிடையாது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. நாற்காலி உயரத்தில் ஒரு வாரம் ராணி மாதிரி உட்கார்ந்து வெங்காயம் உரித்த இடத்தில் இப்போது கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தப் பக்கம் விற்பனையாளரும் ஏறி, தன் டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. எனக்கு முன்னால் நாலு பின்னந்தலைகளும் காலியான குழந்தை சீட்டும் தெரிந்தன. முன்னால் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள். காதுக்கு மேலே ஏசி இரைந்ததில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "என்னடா சிரிக்கிறீங்க?" என்றேன். பதில் இல்லை. "கொஞ்சம் மெதுவாப் போடா," என்றேன். அதற்கும் இல்லை. ஹாலில் நான் முணுமுணுத்தால்கூடத் திரும்பிப் பார்த்தவர்கள்தான்.

எனக்கு என்ன தோன்றியதோ, அந்தப் பின்னந்தலைகளைப் பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னேன். "நான் தனியா வீடு பாத்திருக்கேன். அடுத்த மாசம் போகலாம்னு இருக்கேன்."

தம்பி மனைவி மட்டும் பாதி திரும்பினாள். "என்ன அண்ணி, ஏசி அதிகமா இருக்கா?"

"இல்லம்மா, சரியா இருக்கு."

ஆனால் பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அவர் முகத்தில் மாட்டியிருந்த சிரிப்பு கழன்றது. குனிந்து, என் காதருகே, "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க குடும்ப விஷயம். ஆனா நீங்க போயிட்டா இவங்க அஞ்சு சீட்டே போதும்னு கிளம்பிடுவாங்க. புக்கிங் முடியற வரைக்கும் மட்டும் சொல்லாம இருக்க முடியுமா?" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆறு வருஷத்தில் போகாதே என்று என்னிடம் கெஞ்சிய முதல் மனிதர் ஒரு கார் விற்பனையாளர். அதுவும் புக்கிங் முடிகிற வரைக்கும்தான். பாவம், அவராவது உள்ளதைச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்ட அங்கே இடம் இருந்த அளவுக்கு ஆட்டினேன்.

திரும்பி வந்ததும் தம்பி பின்கதவைத் திறந்து பார்த்தான். கடைசி வரிசை நிமிர்ந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பைதான் வைக்கலாம். குழந்தைத் தள்ளுவண்டி, துணிப்பை எதுவும் போகாது. தம்பியின் முகம் வாடியது.

"மடக்கிட்டா ஏகப்பட்ட இடம் சார்," என்று விற்பனையாளர் ஒரு பட்டையை இழுத்தார். நான் உட்கார்ந்திருந்த இடம் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

"அட, பிரமாதம். அப்போ மடக்கியே வெச்சுக்கலாம். வேணும்போது நிமித்திக்கலாம்," என்றான் தம்பி.

"நானும் மடங்கிக்கணுமாடா?" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

உள்ளே மேஜைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓரத்தில் இருந்த பொம்மைக் காருக்கு அடித்துக்கொண்டார்கள். விற்பனையாளர் பேனா மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தவள், வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். தம்பி சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, நீ சொல்லு. உனக்கு வசதியா இருந்துச்சுல்ல? உனக்காகத்தானே இவ்வளவும்."

அந்த 'உனக்காக'தான் என்னைக் கிளப்பிவிட்டது. என் முட்டி இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"எனக்காக ஒண்ணும் எடுக்க வேண்டாம். நான் தனியா வீடு பாத்துட்டேன். அடுத்த மாசம் போறேன்," என்றேன்.

விற்பனையாளர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான். பிறகு அவரிடம், "அப்போ அஞ்சு சீட்டே போதும்ல?" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. ஒரு நடிகருக்குக் காய்ச்சல் என்றால், ஐயோ பாவம் என்பதற்கு முன்னால் அந்த வேஷத்துக்கு வேறு ஆள் யார் என்று யோசிப்பது அவன் பிழைப்பு. அதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சில் குத்தியது. அவனுக்குச் சைக்கிளிலிருந்து கார் வரை ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். ஒரு நிமிஷம், அரை நிமிஷம், அக்கா ஏன் போகிறாய் என்று கேட்டிருக்கலாம்.

"யாரைக் கேட்டு வீடு பாத்தீங்க?"

கேட்டது தம்பி மனைவி. குரல் உயரவில்லை, ஆனால் இந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"யாரைம்மா கேக்கணும்?"

"நான் ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கேன். என்னைக் கேக்கணும்." தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "போங்கன்னு யாராவது சொன்னோமா?"

"இருன்னும் யாரும் சொல்லலையே."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. கேட்டு வாங்க மாட்டேன் என்று இருந்தவள், ஷோரூமில், அந்நிய மனிதர் முன்னால் கேட்டுவிட்டேன். முகம் சுட்டது.

"அதைச் சொல்லணும்னு எனக்குத் தெரியாது. உங்க வீடுன்னு நினைச்சுட்டேன். சொல்லணும்னா சொல்றேன். இருங்க," என்றாள். திட்டுகிற மாதிரித்தான் சொன்னாள். மூன்று பிள்ளைகளோடு ஒண்டியாக மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் அதில் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சொல் இந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ ஏழு சீட்டா?" என்றான்.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க," என்றாள் அவனிடம்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல், வீம்புக்கு, "இருந்தாலும் அந்தக் கடைசி வரிசையில என்னால உக்கார முடியாதும்மா," என்றேன்.

அவள் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "அங்க ஏன் நீங்க உக்காரணும்? பிள்ளைங்க ரெண்டும் ஏறட்டும். அதுகளுக்குக் காலு தரையையே தொடாது. நீங்க நடுவுல குழந்தை பக்கத்துல வாங்க. ஹால்ல முதல் நாள்லேருந்து பாக்கறேன், நீங்களா போய் பின்னாடி உக்காந்துக்கிட்டீங்க. காய் நறுக்க வசதியா இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

விற்பனையாளர் எழுத ஆரம்பித்திருந்தார். நான் முதல் நாளை நினைத்துப் பார்த்தேன். தம்பி நாற்காலிகளைப் போட்டான், எல்லாரும் ஏறுங்க என்றான். அவ்வளவுதான் சொன்னான். இது உன் இடம் என்று யாரும் யாருக்கும் காட்டவில்லை.