வடத்தின் கடைசி ஆள்

தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் கூடைகளோடு லயத்து வரிசை வீடுகளுக்குப் போன பிறகும் எட்டு ஆண்கள் பெரட்டுக்களத்தில் நின்றார்கள். காலையில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகும் அதே களத்தில், அந்தியில் அவர்களுக்கு வடமிழுப்புப் பழக்கம். வடத்தின் மறுமுனையைச் சவுக்கு மரத்தின் அடியில் கட்டியிருந்தார்கள்.

"இழு!" என்றான் அவர்களைப் பழக்கிய இராமையா.

மேல் லயத்து நால்வர் இழுத்தார்கள். அவர்கள் ஓய்ந்ததும் கீழ் லயத்து நால்வர் இழுத்தார்கள். மரம் சிரிக்காத குறைதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மாரியம்மன் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்று இரண்டு லயத்துக் கங்காணிகளுக்குள்ளும் சண்டை. அதிலிருந்து ஒரு லயத்து ஆள் மறு லயத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. மாலை கங்காணிகளுக்கு, பகை மட்டும் ஆட்களுக்கு.

இராமையா தலையில் கை வைத்துக்கொண்டான். தேயிலை விலை விழுந்துபோன வருஷம் அது. கடல் தாண்டிச் சீமைக்கு, இந்தியாவுக்கு, திருப்பி அனுப்ப மேல் லயத்திலிருந்து ஆறு பேருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. ஆறில் ஒருவன் இராமையா. அவன் மனைவி பூரணிக்கு வயிற்றில் ஏழு மாதம். இராமையா இளவயதில் வேறொரு தோட்டத்துக்காக வடமிழுத்தவன் என்பது எப்படியோ தோட்டத்துத் துரையின் காதுக்கு எட்டியது. டயகம தோட்டத்துத் துரையோடு அவர் வடமிழுப்புப் பந்தயம் கட்டியிருந்தார். "ஆளுகளப் பழக்கி ஜெயிச்சுக் குடு. ஒன் நோட்டீச கிழிச்சுப் போடுறேன்னு தொரை சொல்லுறாரு" என்று கணக்கப்பிள்ளை சுப்பிரமணியம் வந்து சொன்னார். பூரணி இந்த மண்ணில் பெறுவதா, கப்பலில் பெறுவதா என்பது எட்டுப் பேரின் கையில் இருந்தது.

மறுநாள் அவன் ஆட்களை மாற்றி நிறுத்தினான். மேல் லயத்தான் ஒருவன், அவனுக்குப் பின்னால் கீழ் லயத்தான் ஒருவன். வடத்தின் கடைசியில், இடுப்பில் சுற்றிப் பிடிக்க, மேல் லயத்து அழகுமுத்து. தாயும் தகப்பனும் இல்லாத, கல்யாணமும் ஆகாத ஆள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தோள் இறுகியவன். பேச்சு குறைவு.

"மரத்தப் பாக்காதீங்க. முன்னால நிக்கிறவன் முதுகப் பாருங்க. அவன் மூச்ச இழுத்தா நீயும் இழு. அவன் விட்டா நீயும் விடு" என்றான் இராமையா.

"கீழ் லயத்தான் முதுகையா?" என்று மூக்கன் முனகினான்.

"முதுகுல லயம் எழுதியிருக்கா? பாத்துச் சொல்லு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மூக்கனும் சிரித்தான்.

பழக்கம் முடிந்ததும் பூரணி ஒரே பானையில் கஞ்சி காய்ச்சி வைத்தாள். முதல் நாள் மேல் லயத்தார் மட்டும் குடித்தார்கள். இரண்டாம் நாள் அழகுமுத்து தன் கோப்பையை எடுத்துப்போய்க் கீழ் லயத்தாருக்கு நடுவில் உட்கார்ந்தான். அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது. ஒரு வாரத்தில் கீழ் லயத்து அம்மாக்கண்ணு தன் வீட்டு ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் கொண்டுவந்து வைத்தாள். மேல் லயத்துச் சின்னராசா கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு களத்தின் ஓரத்தில் நின்று இதைப் பார்த்தார். அழகுமுத்து யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் சவுக்கு மரத்தின் வேரடியில் மண் வெடித்தது.

லிந்துலையில் பந்தயம் நடந்தது. இராமையாவை வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். உள்ளே போய்க் கத்துகிற உரிமை துரைகளுக்குத்தான். அதை அவன் முன்பே எண்ணியிருந்தான். "தொரை கத்துனா கத்தட்டும். நீங்க அழகுமுத்து கொரலுக்கு மட்டும் இழுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

டயகம ஆட்கள் ஒவ்வொருவரும் ஒன்றரை ஆள். முதல் இழுப்பு அவர்களுக்கு, இரண்டாவது இவர்களுக்கு. மூன்றாவதில் துரை தொப்பியைக் கழற்றி ஆட்டிக் கத்தினார். எட்டுப் பேரும் அசையவில்லை. சாய்ந்து, குதிகால்களை மண்ணில் புதைத்து, எதிராளியின் மூச்சு தீரும்வரை தாங்கினார்கள். வடம் அழகுமுத்துவின் கையில் வழுக்கி வழுக்கி நின்றது. பிறகு அவன் அடிவயிற்றிலிருந்து "ம்ம்" என்றான். எட்டு முதுகும் ஒன்றாய்ப் பின்னால் போயின; டயகம ஆட்கள் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார்கள்.

வேலிக்கு வெளியே இராமையா தரையில் உட்கார்ந்து அழுதான்.

துரை சொன்ன சொல் தவறவில்லை. நோட்டீஸைக் கிழித்தார். பூரணி கோயிலில் சூடம் கொளுத்தினாள். பிறகு எட்டு வீட்டு வாசலுக்கும் நடந்துபோய் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்களுக்குச் சாமி நீங்கதான்" என்றாள். மூக்கனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "அட போங்கக்கா, கஞ்சி குடிச்ச கடன்" என்று உள்ளே போய்விட்டான்.

மூன்றாம் நாள் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பட்டியலை வாசித்தார். மேல் லயத்திலிருந்து ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான், ஒன்று குறையக்கூடாது. இராமையாவுக்குப் பதில் யார் என்பதைச் சின்னராசா கங்காணி எழுதிக் கொடுத்திருந்தார். அழகுமுத்து.

இராமையா வரிசையை விட்டு ஓடினான். "கணக்கப்புள்ளையய்யா, பழையபடி என் பேரையே போட்டுக்கங்க. நானே போறேன்."

அழகுமுத்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"மதினிக்கு எட்டு மாசம்ண்ணே. நான் ஒண்டிக்கட்டை, எங்க வச்சாலும் நிப்பேன்."

"என்னாலதானேடா... நான் பானைய வைக்கச் சொல்லலன்னா நீ கீழ் லயத்தாருக்கு நடுவுல போயி ஒக்காந்திருக்க மாட்டியே."

"அந்த மூணு வாரம் நான் ஒண்டிக்கட்டையா இல்லண்ணே. ஏழு பேரு மூச்சும் எனக்குக் கேட்டுச்சு. அதக் குடுத்தது நீங்க. நீங்க நல்லாருக்கணும்."

கணக்குத் தீர்த்து அனுப்பும் பற்றுச்சீட்டு வாங்க அவனோடு ஆபீசுக்கு இராமையாவும் போனான். மற்ற ஏழு பேரும் வேலையை விட்டு வந்து படிக்கட்டில் நின்றார்கள், மேல் லயத்தான் ஒருவன், கீழ் லயத்தான் ஒருவன் என்று. யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. உள்ளே துரையின் மேசைமேல் பந்தயத்தில் ஜெயித்த வெள்ளிக் கோப்பை இருந்தது.

கிளாக்கர் அழகுமுத்துவின் இடது பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

"என்னடா, ரேகையே விழல?"

"வடத்துல உரிஞ்சு போச்சுங்கய்யா."

"மத்தக் கையக் காட்டு."

அழகுமுத்து வலது கையை விரித்துக் காட்டினான். அது இன்னும் மோசமாக இருந்தது. கிளாக்கர் உச்சுக்கொட்டிவிட்டு, இருந்த திட்டே போதும் என்று ஒற்றுத்தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தார். தாளோடு ஒரு துணுக்குத் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது.