ஒரே வீட்டில் இரண்டு வேண்டுதல்

அந்தக் கோடையில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டது சொத்துக்காக இல்லை, மழைக்காக.

பெரியவன் மேற்கு நிலத்தில் வெங்காயத்தைப் பிடுங்கி, காயட்டும் என்று வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தான். தாள் முழுக்கக் காய்வதற்குள் நனைந்துவிட்டால் மூட்டைக்குள்ளேயே அழுகிப்போகும். இன்னும் ஐந்து நாள் வெயில் வேண்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் சின்னவனுடைய மக்காச்சோளம். கதிர் பிடிக்கிற நேரம் பார்த்துக் கிணறு வற்றிவிட்டது. மோட்டாரைப் போட்டால் கால் மணி நேரத்தில் வெறும் காற்றுதான் வந்தது. இலைகள் குழலாகச் சுருண்டு நின்றன. அவனுக்கு உடனே மழை வேண்டும்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் பெரியவனின் மனைவி. அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து பதினாலு வருஷம். கொழுந்தனுக்கு மீசை அரும்புவதற்கு முன்னாலிருந்தே சோறு போட்டவள்.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சாமி கும்பிட வேண்டும் என்பது மாமனார் வைத்த சட்டம். வேண்டுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் அவருக்குப் பிடிக்காது. "வெக்கப்பட்டுக் கேட்டா யாரு குடுப்பா?" என்பார்.

"கடவுளே, அஞ்சு நாளைக்கு மழை வேண்டாம்" என்றான் பெரியவன்.

"கடவுளே, நாளைக்கே மழையக் குடு" என்றான் சின்னவன்.

மாமனார் இரண்டுக்கும் ஒரே குரலில், "அப்படியே ஆகட்டும்" என்றார்.

முதல் நாள் சின்ன மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் நாள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"மழை எப்படி வரும்? வீட்டுக்குள்ளயே ஒருத்தர் உக்காந்து தடுத்துட்டு இருக்காரே" என்றான் சின்னவன், சுவரைப் பார்த்து.

"கிணத்துல தண்ணி இல்லைன்னு தெரிஞ்சும் சோளம் போடச் சொன்னது யாராம்?" என்றான் பெரியவன், எதிர்ச் சுவரைப் பார்த்து.

அதோடு சரி. ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டே, "அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட டிராக்டர் சாவி கேளுங்க" என்பான் ஒருவன். "எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்லைன்னு சொல்லு" என்பான் மற்றவன். தபால்காரி வேலை பார்த்தே அவளுக்கு வாய் வலித்தது.

அன்று தன் முறை வந்ததும், "கடவுளே, இவங்க ரெண்டு பேருக்கும் புத்தியக் குடு" என்றாள். அதற்குத்தான் மாமனாரின் "அப்படியே ஆகட்டும்" கூரை அதிர வந்தது.

அவள் நிலைமைதான் யாருக்கும் தெரியாது. வெங்காயத்தைப் புரட்டிப் போடும்போது வானம் வெளுத்திருந்தால் மனசு குளிரும். புல் அறுக்கப் போகிற வழியில் சோள இலை கையில் சொரசொரவென்று உரசினால் அதே மனசு பதறும். பாவம், கடவுளே திண்டாடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் பெரியவன் டிராக்டர் டயருக்கு ஒட்டுப் போட டவுனுக்குப் போயிருந்தான். மத்தியானம் காற்று சட்டென்று செத்துப்போனது. கோழிகள் கொட்டகைக்குள் ஓடின. மேற்கே ஒரு மேகம், அடுப்புக்கரியை அரைத்துப் பூசிய மாதிரி.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வரப்பில் சின்னவன் அண்ணாந்து நின்றான். முகமெல்லாம் பல். அவனைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. நாள் தவறாமல் கெஞ்சிக் கேட்ட மழை. அது வருகிற நேரத்தில் எந்த முகத்தோடு உதவி கேட்பது?

அவன் மேகத்தைப் பார்த்தான். சோளத்தைப் பார்த்தான். கூடையோடு நின்ற அவளைப் பார்த்தான்.

"என்ன அண்ணி நிக்கிறீங்க? தார்ப்பாய் எங்க இருக்கு?"

சத்தம் கேட்டு வீடே களத்துக்கு ஓடி வந்தது. மாமனார் சாக்குப் பிடிக்க, சின்ன மருமகள் வாரிப்போட, சின்னவன் மூட்டைகளை முதுகில் ஏற்றிக் கொட்டகைக்கு ஓடி ஓடி வந்தான். பாதிகூடக் கரையேறவில்லை. மிச்சத்தைக் குவித்துத் தார்ப்பாயைப் போட்டார்கள். கல் வைப்பதற்குள் காற்று அதைப் பிடுங்கியது. சின்னவன் யோசிக்கவே இல்லை, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். மழை கொட்டியது.

"தம்பி, இடி இடிக்குது! உள்ள வந்துடு!"

"எந்திரிச்சா பாய் பறந்துடும் அண்ணி. நீங்க போங்க."

அவள் போகவில்லை. முனகிக்கொண்டே மறுமூலையில் போய் உட்கார்ந்தாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. காதைச் சாய்த்து, "கேக்குதா அண்ணி? சோளம் குடிக்கிற சத்தம்" என்றான். அவளுக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "கேக்குது, கேக்குது" என்றாள்.

பெரியவன் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான். குவியலையும் அதன்மேல் குந்தியிருந்த தம்பியையும் வெறித்துப் பார்த்தான்.

"இங்க என்னடா பண்ற?"

"உன் வெங்காயத்த அடைகாக்கிறேன். குஞ்சு பொரிச்சா சொல்றேன்."

பெரியவனின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று மனைவிக்கே பிடிபடவில்லை. அவன் குரலை மிரட்டலாக வைத்துக்கொண்டான்.

"சோளத்துல கீழ் மடைய அடைச்சியா? தண்ணியெல்லாம் ஓடிப்போயிடுமேடா!"

"எங்க நேரம் இருந்துச்சு?"

"அசையாத. நான் போய் அடைச்சிட்டு வரேன்." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஓடினான்.

அன்று சாமி கும்பிடும்போது எல்லோர் தலையிலும் துண்டு. பெரியவன் முறை வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மழைக்கு நன்றின்னு சொல்ல எனக்கு வாய் வரல. இவன் நின்னானே, அதுக்கு நன்றி."

சின்னவன் சட்டென்று எழுந்து, ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டான். மாமனாரின் "அப்படியே ஆகட்டும்" அன்று முணுமுணுப்பாகத்தான் வந்தது.

வெங்காயத்தில் கால் பங்கு போயிற்று. சோளம் பிழைத்தது, ஆனால் பாதிக் கதிர் மணி பிடிக்காத பொக்கை வாய்தான். அழுகத் தொடங்கியதை முதலில் தீர்க்க வேண்டுமே, மூன்று வாரத்துக்கு வெங்காயம் இல்லாத சாப்பாடே கிடையாது.

"அக்கா, இனி ஒரு நாள் வெங்காயம்னு சொன்னீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் சின்ன மருமகள்.

"போம்மா, தாராளமா போ. போறப்ப ரெண்டு மூட்டை எடுத்துட்டுப் போ" என்றாள் மூத்தவள்.